பாய்மரப் படகுக்கு ரிக் லாரி வயரிங்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்கு வயர் இழுத்துப் பழகியவனுக்கு, உலகத்தில் நகர்கிற எல்லாமே ரிக் லாரியாகத்தான் தெரியும். திருச்செங்கோட்டில் எனக்கு அதுதான் தொழில். அதனால் என் அக்கா மகள் கவிதா பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி மேட்டூர் அணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, "மாமா, வழிகாட்டுற சாமானெல்லாம் நீங்கதான் மாட்டித் தரோணும்" என்றபோது, நான் மறுபேச்சுப் பேசவில்லை. (பேசியிருக்கலாம்.)

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கடலில் தனியாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அப்பா, அதாவது என் மச்சான், ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மேட்டூரில் அவர் கண் முன்னால் அக்கரை தொட்டுத் திரும்ப வேண்டும். தடுமாறினால் கடலை மறந்துவிட வேண்டும்.

"சின்னத் திரை ஒண்ணு, ஆழம் காட்டுறது ஒண்ணு, சுக்கானைத் தானாப் புடிக்கற பெட்டி ஒண்ணு. அவ்வளவு போதுங்க மாமா" என்றாள். நான் கடையிலேயே பெரிய திரையாகப் பார்த்து வாங்கினேன். கூடவே ஒரு ஸ்பீக்கர். பாட்டு இல்லாத வண்டியில் எங்கள் ஊர் டிரைவர் ஏறவே மாட்டார். சுக்கான் பெட்டிக்குத் திசை சொல்லும் திசைகாட்டியை, வெளியே தெரியாமல் நறுவிசாக இருக்கட்டும் என்று இருக்கைக்கு அடியில் ஸ்பீக்கரை ஒட்டியே திருகினேன். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பது எனக்குத் தெரியும். திசைகாட்டி காந்தத்துக்கு மயங்கும் என்பதும் தெரியும். (இரண்டும் என் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவில்லை.)

மச்சான் கரையில் நின்று பார்க்க வந்த அன்று நானும் படகில் ஏறினேன். நடுத் தண்ணீரில் கவிதா சுக்கானைப் பெட்டியிடம் ஒப்படைத்தாள். படகு வட்டம் போட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு ஒவ்வொரு சுற்றிலும் என் தலையைத் தேடி வந்தது.

பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏனுங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

நான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன். "கண்ணு, ஹேண்ட் பிரேக் எங்க இருக்குது?"

"படகுக்கு பிரேக் இல்லீங்க மாமா. தலையைக் குனிங்க."

குனிந்த கையோடு, பதற்றத்தில் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டேன். பெரிய திரை, ஆழம் காட்டுவது, எல்லாம் செத்தன.

கவிதா என்னைத் திட்டவில்லை. பெட்டியைக் கழற்றி வைத்தாள். சுக்கானைக் கையில் பிடித்தாள். கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்து, பாலமலையைப் பார்த்தாள். அவ்வளவுதான், படகு வகிடு எடுத்தாற்போல நேராகப் போனது. அக்கரையைத் தொட்டாள், திரும்பினாள். நான் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளைக்கா நான் வழிகாட்ட வந்தேன்?

கரையில் மச்சான் முகம் இறுகியிருந்தது. "ஏன் மாப்பிள்ளை, நடுவுல என்னத்துக்குச் சுத்துனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். "அப்பறம் எதை வெச்சு வந்தே?"

"காத்தையும் மலையையும் வெச்சுத்தானுங்கப்பா."

"செரி, கடலுக்குப் போய்ட்டு வா. உங்க மாமனை மட்டும் ஏத்தாத."

போயும் வந்துவிட்டாள், எல்லா வயரையும் தானே இழுத்து. இன்றைக்கும் எந்த விசேஷத்திலிருந்து நான் கிளம்பினாலும் அக்கா வாசல்வரை வந்து கேட்கிறாள்: "தம்பி, நேரா ஊட்டுக்குத்தான போறே?"