உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு மைக்ராஸ்கோப்

நுரையீரல் புற்றுநோயைப் பற்றி மெழுகு அண்ணனைப் போல உற்சாகமாகப் பேசுகிற மனிதர் வைகைக்கு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது.

சிம்மக்கல்லில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த பரிசோதனைக்கூடத்தில், நோயாளியின் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுவது அவர் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன் அவர் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண் வைத்துவிடுவார். வைத்ததும் கத்துவார். தெருவில் போகிற ஆட்டோ பிரேக் அடிக்கும்.

“மாப்ள, இங்க வாடா! இதுவும் புது ரகம்! நான் வேலைக்குச் சேந்தப்ப வந்ததெல்லாம் வெங்காயத்த வெட்டி வச்ச மாதிரி வளையம் வளையமா இருக்கும். முக்காவாசி பீடிக்காரய்ங்க. இப்பப் பாரு, குட்டிக் குட்டியாச் சுரப்பி! பீடியவே தொடாத பொம்பளைகளுக்கும் வருது. காலமே மாறிப்போச்சுடா!”

நான் தலையை ஆட்டிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பிவிடுவேன். காது கொடுத்துக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது அந்த வெங்காயக் காலத்துப் படிவம். ‘புகைப்பழக்கம்: உண்டு’ என்று முதலிலேயே அடித்திருக்கும். இல்லாதவர்களுக்கு நாம்தான் மாற்ற வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சியம்மாவுக்கு நான் மாற்றவில்லை. டாக்டரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாவின் கணவர் வந்து மேஜையில் ஓங்கி அடித்தார்.

“எவன்யா எழுதுனது? எம் பொண்டாட்டி பீடி குடிச்சாளா? மருந்துக்கடையில படிச்சுச் சொல்லிட்டாய்ங்க. எங்க ஆத்தா ஊரு பூராம் பரப்பிருச்சு. அவ கதவச் சாத்திக்கிட்டு, ‘செத்தாலும் சாவேன், ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்’ங்கிறாய்யா!”

நான் அவசரமாகத் திருத்தி ஒரு புதுத் தாளை நீட்டினேன்.

“தாள மாத்துனா ஊரு வாய மூட முடியுமா? ஊருக்கு வந்து சொல்லுங்கய்யா!”

“வாங்கண்ணே, போவோம்” என்று உள்ளேயிருந்து வந்தார் மெழுகு அண்ணன். டாக்டரிடம் கெஞ்சி, வெயிலில் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கி, பேச்சியம்மாவின் சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடியோடு துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். “என்னண்ணே அது?” என்றார் கண்டக்டர். “பச்சப்புள்ளய்யா, இடிச்சிராத!” ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவருக்கு வசவு விழுந்தது. நான் பின்சீட்டில் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு மைக்ராஸ்கோப்பை நிறுத்தியதும் தெருவே வரிசையில் நின்றது. முதல் ஆள் பேச்சியம்மாவின் மாமியார்.

“ஒண்ணுந் தெரியலையேப்பா.”

“கண்ணத் தொறந்து பாரு ஆத்தா!”

அவர் பார்த்து முடித்ததும் அண்ணன் கும்பிட்டு நின்றார். “பீடின்னு தப்பா அடிச்சது நாந்தேன். அந்தத் தாயி ஒரு பாவமும் அறியாது. இந்த ரகம் குடிக்காதவுகளுக்கும் வருது. வைத்தியம் இருக்கு, நாளக் கடத்தாதீக.”

கதவு திறந்தது. “இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக? காப்பி குடிக்கிறீகளா?” என்றார் பேச்சியம்மா.

“காப்பி கெடக்கட்டும். திங்கக்கெழம ஆசுபத்திரிக்கு வருவியா தாயி?”

“வாரேண்ணே.”

அண்ணன் போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஊரே அதைத் துரத்தியது.

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். “டைப் அடிச்சது நான்தானேண்ணே?”

“நீ சொல்லியிருந்தா ரெண்டு போட்டிருப்பாய்ங்க மாப்ள. நான் மைக்ராஸ்கோப்போட நிக்கிறேன், எவன் கைய வைப்பான்?”

சொன்னபடி திங்கட்கிழமை பேச்சியம்மா வந்தார். சோதித்துப் பார்த்ததில் அவருக்கு வந்த ரகத்துக்குப் பொருந்துகிற மாத்திரையும் இருந்தது. இன்றைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார்.

நான் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். யாருடைய தாளிலும் கேட்காமல் எதையும் அடிப்பதில்லை. நான் செய்த தப்புக்காக முன்பின் தெரியாத ஊரில் கும்பிட்டு நின்ற அந்த மனிதரை இன்னொரு தடவை அப்படி நிற்கவிட எனக்கு மனசு வராது.