நடுக்கடலில் விட்டதற்கு விளக்கம்

மோக்கா,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய கொம்பாத்ரே நிக்கானோர் அவர்களுக்கு,

உங்கள் ஞானமகளின் தகப்பன், அந்த உறவாலேயே உங்களுக்குக் கொம்பாத்ரே ஆன எவுலோஹியோ எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கு எல்லாம் நலம், கரண்ட் தவிர. போனாவோவில் நீங்களும் உங்கள் வீட்டம்மா கொம்மாத்ரே எல்பாவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி?

வரும் சனிக்கிழமை என் மகள் யுலேய்சிக்குக் கல்யாணம். அவளைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப்போக வேண்டிய ஞானத்தகப்பன் நீங்கள், "நடுக்கடல்ல தவிக்கவிட்டு ஓடுன ஆளோட வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆகவே என் தரப்பை எழுதுகிறேன்.

புதிதாக வந்த அந்தக் கடற்கொள்ளையர் விளையாட்டை நாம் ஒரே கப்பலில் ஆடத் தொடங்கிய அன்றே, நான் நங்கூரம் தூக்கும்போது கரண்ட் போனது. எங்கள் தெருவில் அது செய்தியே இல்லை, வந்தால்தான் தெருவே கைதட்டும், ஆனால் உங்கள் திரையில் "உங்கள் நண்பர் கப்பலைக் கைவிட்டார்" என்று போட்டுவிட்டார்கள். இன்வெர்ட்டர் வாங்கினேன். மறுநாள் மழையில் மாமரக் கிளை இணையக் கம்பியோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் விழுந்தது, அப்போதும் நான் கைவிட்டேனாம். வியாழக்கிழமை மழை இல்லை, கரண்ட் போயும் இன்வெர்ட்டர் ஓடியது, என் வீட்டுக்காரி ராமோனா முன்னறைப் பார்லரில் யாருக்கோ தலை சுருட்டிக்கொண்டிருந்தாள், நான் பின்னறையில் சுக்கான் பிடித்திருந்தேன், நீங்கள் பாய்மர உச்சியில், எதிரே புதையல் தீவு. நான் சிரிப்புப் பொத்தானை அழுத்திய நொடியில் இணைப்பு அறுந்தது. பாறையில் மோதிக் கப்பல் மூழ்கும் வரை உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றீர்கள். அது நான் அல்ல, கொம்பாத்ரே, என் உருவம்.

கம்பெனிக்குக் காட்டமாக எழுதினேன். இப்போதுதான் வெளியான விளையாட்டு, உலகமே ஒரே நேரத்தில் உள்ளே வருகிறது, பொறுத்தருள்க என்று பதில் போட்டு, விளையாட்டில் அணிய ஓர் இறகுத் தொப்பி கொடுத்தார்கள். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு வந்தேன். "கூட்டாளிய வித்துத் தொப்பி வாங்கிக்கிட்டீராக்கும்" என்றீர்கள். அது மன்னிப்புக் கேட்டுக் கொடுத்த தொப்பி. ராமோனாவிடம் சொல்லிப் புலம்பினேன். "உங்க கப்பல் முழுகினா எனக்கென்ன, ஒரு பொம்பள ஈரத்தலையோட வீட்டுக்குப் போகணுமா?" என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

குற்றம் முழுக்கக் கம்பெனியுடையது. அவர்களை மன்னிக்க வேண்டாம், என்னை மன்னித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வாருங்கள்.

உங்கள் முழங்கால் தேறவும் கொம்மாத்ரேயின் மனம் குளிரவும் மாதாவை வேண்டும்,
எவுலோஹியோ

பின்குறிப்பு: உறையில் போடும் முன் ராமோனா இதை வாங்கிப் படித்துவிட்டாள். கம்பெனி மேல் தப்பே இல்லையாம். இன்வெர்ட்டர் தாங்காது என்று வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு தலைமுடி காயவைக்கும் டிரையரைச் செருகியது அவள்தானாம். டிரையருக்கு அடியில் உட்கார்ந்திருந்தது கொம்மாத்ரே எல்பா. கல்யாணத்துக்குத் தலை எப்படி அமையும் என்று பார்க்க, உங்களிடம் தங்கை வீடு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாராம். கப்பல் மூழ்கியதும் நீங்கள் அவருக்குப் போன் போட்டு என்னைத் திட்டியபோது, "விடுங்க, அந்த மனுஷன் எப்பவும் அப்படித்தான்" என்று அவர் சொன்னது என் வீட்டு முன்னறையிலிருந்துதான். சாயந்தரம் வீடு திரும்பியவரை நீங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். ராமோனாவிடம் போனில் அழுதிருக்கிறார். சனிக்கிழமை அவர் கட்டாயம் வருகிறார். என் மேல் கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அந்தத் தலையைப் பாருங்கள்.