ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்ப்பவனின் விண்ணப்பம்

அன்புள்ள தம்பி பிலிமோனேவுக்கு,

ஆக்லாந்துக் குளிரிலும் உன்னையும் உன் மனைவி மக்களையும் மூச்சோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. இங்கே நம் தீவில், நுக்குஅலோபாவில் நாங்களும் மூச்சோடு இருக்கிறோம், பன்றிகள் உட்பட. போதகர் உன்னை விசாரித்தார். பாடகர் குழுவில் உன் இடத்தில் இப்போது நிற்பவனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நிற்க. எனக்கு ஒரு டிவி வேண்டும். புதிதாக இருக்க வேண்டியதில்லை, படம் தெரிந்து சத்தம் கேட்டால் போதும். வீட்டுக்குச் சாமான் அனுப்புகிற டிரம்முக்குள் போர்வைகளுக்கு நடுவே வைத்து அடுத்த கப்பலில் ஏற்றிவிடு. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்று கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன், உட்கார்ந்து படி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு நான் வெட்டியாக இருப்பதாக உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய். நான் டிவி பார்க்கிறேன். இந்தத் தெருவில் எது பார்க்கத் தகுந்தது, எது தகாதது என்று சர்ச் முடிந்ததும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அமெரிக்கச் சண்டைப் படங்களைப் பற்றி என் கருத்து மாறவே இல்லை. ஒரு மனிதன் படம் முழுக்கச் சுடுகிறான், ஒரு தடவைகூடச் சாப்பிடுவதில்லை, அவனால் எப்படி ஓட முடியும்? உங்கள் நியூசிலாந்துத் துப்பறியும் தொடரில் பிணம் கிடக்கிற இடத்துக்கு ஆளுக்கொரு காபியோடு வருகிறார்கள், பிறகு கடற்கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள், கொலைகாரன் தானாக வந்து ஒப்புக்கொள்கிறான். ஆஸ்திரேலியாக்காரர்களின் சமையல் போட்டியில் ஒரு பெரிய ஆள் புட்டிங் சரிந்துவிட்டது என்று அழுதான். சாப்பாட்டுக்காக அழுது நான் பார்த்தது நம் பக்கத்து வீட்டுக்காரன் தேவிதாவைத்தான், அதுவும் அவன் பன்றியை வேறு ஆட்கள் சுட்டுத் தின்றதற்காக. இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது வெள்ளி தவிர எல்லா மாலையும் வருகிற பிலிப்பைன்ஸ் தொடர். அதில் மரிசெல் என்ற பணக்காரப் பெண்ணுக்கு நினைவு போய்விட்டது. மலையில் அவளைத் தூக்கி வந்து காப்பாற்றிய ஜீப் டிரைவரும் அவளைக் காதலிக்கிறான், மருத்துவம் பார்த்த டாக்டரும் காதலிக்கிறான். டிரைவர்தான் சரியான ஆள். நானும் கிரேன் ஓட்டியவன் என்பதால் சொல்லவில்லை, நியாயமாகவே சொல்கிறேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வவாவுத் தீவிலிருந்து லோசலினே அக்கா முழங்கால் வலியோடு வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி இங்கே பக்கம், அதனால் நம் வீட்டில்தான் இனி இருக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். தலைமை நர்சாக இருந்து முப்பது நர்சுகளை ஒரு பார்வையில் நடுங்க வைத்த அக்கா நம் வீட்டுக்கு வருவது நமக்குப் பெருமை. அவளுக்கு முன்னறையைக் கொடுத்தேன். முன்னறையில்தான் டிவி இருக்கிறது. உன் மகளும் மகனும் ஒரே சோபாவில் காலை நீட்டிக்கொண்டு படம் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன், நான் ஒன்றும் சொல்லவில்லை, அது ஆக்லாந்து. இங்கே இன்னும் நம் பழைய வழக்கம்தான், வயது வந்த பிறகு அக்கா படம் பார்க்கிற அறையில் தம்பி உட்காருவானா? திரையில் ஒருத்தன் ஒருத்தியின் கையைப் பிடித்தால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கண்ணாடிப் பட்டை ஜன்னலில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே கண்ணை வைத்தால் திரையின் வலது பாதி தெரியும். டாக்டர் எப்போதும் இடது பக்கமே நிற்பதால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை.

சத்தத்துக்குத்தான் கஷ்டம். தகரக் கூரை, மழைக்காலம். கலோலைனே அவ்வப்போது வெளியே வந்து கதை சொன்னாள். என் மனைவி நல்லவள், ஆனால் கதை சொல்ல வராது. என்ன நடக்கிறது என்று கேட்டால், "அவ அழுவுறா" என்றாள். யார் என்றேன். "எப்பவும் அழுவுறவதான், வேற யாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு நடுவில் அக்கா டாக்டர் பக்கம் என்று தெரிய வந்தது. டிரைவர் கையைக் கழுவாமல் நோயாளியைத் தொட்டான் என்பது அவள் குற்றச்சாட்டு. மலையில் குழாய் ஏது என்று நான் கலோலைனேவிடம் சொல்லியனுப்பினேன். ஆறு இருந்ததே என்று பதில் வந்தது. தம்பி, ஆறு இடது பக்கம் இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

போன வாரம் டிரைவர் மோதிரத்தோடு வந்தான். மழை வேறு அடித்துக்கொண்டிருந்தது. அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக ஜன்னலில் காதை வைத்து அழுத்தினேன். கண்ணாடிப் பட்டை கழன்று உள்ளே விழுந்தது. அதன் பின்னாலேயே என் தலையும் உள்ளே போனது. அந்த நேரம் பார்த்துத் திரையில் அவர்கள் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். கலோலைனே ஓடிப்போய் டிவியை அணைத்தாள், அதற்குள் மோதிரத்தை மரிசெல் வாங்கினாளா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க, மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு நான், பெருவள்ளிக் கிழங்கும் சுட்ட பன்றியுமாக அக்கா முன்னால் தலை குனிந்து தரையில் உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் மனைவியிடம் சொன்னாள்: "கலோலைனே, அவன் சொந்த வீட்டுல அவன் மழையில நனைஞ்சுக்கிட்டு திருடன் மாதிரி நிக்கிறான். எல்லாம் நான் வந்ததால. நான் சர்ச் விடுதிக்குப் போயிடுறேன்." சொன்னவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். தம்பி, அக்கா என் வீட்டை விட்டுப் போய் விடுதியில் படுத்தால் நான் இந்தத் தீவில் எந்தத் தெருவில் நடப்பேன்? நான் நனையவே இல்லை, சாரல்தான் என்று கலோலைனே மூலமாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா மசியவில்லை. முழங்கால் டாக்டரைப் பார்க்கிற நாள் வரைக்கும் இருக்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டாள். அதுவரை டிவியைத் தொட மாட்டாளாம். நானும் தொடவில்லை. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம், செத்த வீடு மாதிரி இருக்கிறது. மாலையானால் அக்கா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு பின்னுகிறாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன், தெருவில் கதையே இல்லை.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன், யார் சொன்னாலும் மாற மாட்டேன். பின்பக்கம் கருவிகள் போட்டிருக்கிற கொட்டகையைக் காலி செய்து, மழைச் சத்தம் கேட்காதபடி கூரைக்குள் பாய் அடித்து, மின்கம்பி இழுத்து, எனக்கென்று தனி டிவி வைக்கப்போகிறேன். முன்னறை டிவி அக்காவுக்கே. தம்பி வசதியாக இருக்கிறான் என்று கண்ணால் பார்த்தால் அவள் பெட்டியை அவிழ்ப்பாள். பாதி வேலை முடிந்துவிட்டது. பன்றிகள் ஆட்சேபிக்கின்றன, பரவாயில்லை. மனைவியின் யோசனை எதையும் கேட்பதாக இல்லை, அவள் ஏதோ துணி, கயிறு என்று பேசிக்கொண்டிருக்கிறாள். நீ டிவியை அனுப்பு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் வேலையிலும் முதுகு வலியிலும் ஆண்டவர் துணை நிற்கட்டும்.

உன் அண்ணன்,
செமிசி

பி.கு.: டிவி வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டு முன்னறைக்குள் போனேன். கலோலைனே கயிறு கட்டி, எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த பெரிய மரப்பட்டைத் துணியை நடு அறையில் தொங்கவிட்டிருந்தாள். துணி முடிகிற இடத்தில் டிவி, அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் என் நாற்காலி, நடுவில் எல்லைக் காவலாக அவள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்க, ஆனா ஒரே அறையில இல்ல. போதகர்கிட்டயும் கேட்டுட்டேன், உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். முத்தம் வருகிற மாதிரி இருந்தால் அவள் இருமுவாள், நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம் என்று ஏற்பாடு. மரிசெல் மோதிரத்தை வாங்கவில்லையாம், டிரைவருக்கு ஊரில் ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளாம். மேலே நான் அவனைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. அந்தப் பெண்டாட்டி அவனை அடிக்கக் கையில் செருப்போடு வந்து நின்றபோது துணிக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள், அதே நொடியில் இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட சிரிப்பு, தம்பி. வயது வந்த பிறகு நாங்கள் எதற்கும் சேர்ந்து சிரித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து துணிக்கு அடியிலிருந்து ஒரு தட்டு மெதுவாக என் காலடிக்கு நகர்ந்து வந்தது, வறுத்த சேம்பு. பாதி தின்றுவிட்டு அதைத் திருப்பித் தள்ளினேன்.