ஒன்பது சிடியும் அப்பாவின் சோறும்

"மாலை 4.10. கொய்யா மரத்தில் ஒன்பது சிடி கட்டி முடித்தேன். 4.40 வரை அணில் வரவில்லை. வெற்றி."

அப்பாவின் திதிக்கு முதல் நாள் என் டைரியில் உள்ள குறிப்பு இது. நான் எழுதிய வரலாற்றிலேயே மிக அவசரமானது இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில், சிட்டுக்குருவிகளுக்காகக் கம்புத் தானியம் போட்டு ஒரு தட்டைத் தொங்கவிட்டிருந்தேன். மூன்று வாரமாக அதில் உட்கார்ந்து சாப்பிட்டவை அணில்கள். கயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன். மிளகாய்த்தூள் தூவினேன் (தும்மியது நான்). கடைசியாகத்தான் பழைய சிடிகள். காற்றில் அவை சுழல, கொல்லை முழுக்க வானவில் துண்டுகள் நீந்தின. மதிலும் துவைக்கிற கல்லும் தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருந்தன. இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவுக்குப் படைத்துவிட்டு, மதில்மேல் இலையில் சோறு வைத்தோம். காகம் எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பொன்மலையிலிருந்து வந்திருந்த அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டாயிற்று, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

"கா... கா..." என்று கூப்பிட்டேன். தென்னையில் நான்கு காகங்கள். சிடி மின்னியதும் நான்கும் எழும்பி அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விட்டன. 12.20. 12.45. 1.05.

"அப்பாவுக்கு உன்மேல ஏதோ கோவம்டா," என்றார் அண்ணன். அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோவமெல்லாம் இல்ல அத்தான்," என்றாள் என் மனைவி. "உங்க தம்பி மரத்துக்கு நகை போட்டு விட்டிருக்காரு. காக்கா பயந்து ஓடுது. ஏங்க, மொதல்ல அதக் கழட்டுங்க."

ஸ்டூலில் ஏறினேன். ஏழாவது முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். இலையில் ஓர் அணில், இரு கைகளாலும் ஒரு பருக்கையை ஏந்தி, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த சிடியின் வானவில் அதன் முதுகில் ஏறி இறங்கியது. யாரும் விரட்டவில்லை. (விரட்ட வேண்டிய ஆள் ஸ்டூலில் நின்றிருந்தார்.)

"அப்பாவும் இப்படித்தான், மென்னு மென்னு சாப்பிடுவாரு," என்றார் அண்ணன். "எல போடும்மா."

அதிலிருந்து ஒவ்வொரு திதிக்கும், சோற்றோடு கொல்லைக்கு வரும் மனைவி, "இந்த வருஷம் காக்காவா, அணிலா?" என்று கேட்கிறாள்.

அன்று சாப்பிட்டுவிட்டு நான் போய்ப் பார்த்தபோது மதில்மேல் இலை காலி. கடைசியில் ஒரு காகமும் வந்து எடுத்தது, நானே பார்த்தேன் என்கிறார் அண்ணன். அப்போது அவர் கொல்லைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தார். டைரியில் இப்படித்தான் இருக்கிறது: "காகம் — உறுதியாகவில்லை."