கொச்சியில் துண்டு போட்டவர்

கூடலூருக்கும் தேனிக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் துண்டுக்காரர் நின்றுகொண்டு போனதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் கிடையாது. வீரபாண்டித் திருவிழாச் சமயத்தில் பஸ்ஸின் கூரைமேல் ஆட்கள், ஏணியில் ஆட்கள், ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஆட்கள். உள்ளே ஜன்னலோரமாக ஒருவர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். அவர்தான். பஸ் வந்து நிற்பதற்குள் அவருடைய துண்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோய் இடம் பிடித்திருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஏலக்காய்த் தரகு பார்த்தார். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு, கைப்பையில் நாலைந்து துண்டு. எல்லாம் சிவப்புக் கரை. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று விசாரிப்பார். மகன் பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்து பெஞ்சியில் அவர் துண்டு போட்டுவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மகன் பிறந்த பிறகுதான் போட்டார்.

எங்கள் பக்கத்தில் துண்டு கிடக்கிற இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அதற்கும் மேலே, துண்டுக்கு உரியவர் வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். "துண்டு கெடக்கு, ஆளக் காணோமே" என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். துண்டுக்காரர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

இந்த மனிதரை நம்பித்தான் நானும் என் வீட்டுக்காரரும் கொச்சிக்குப் போனோம்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு மார்க்கையன்கோட்டைப் பெண் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. என் அப்பா கைநாட்டு. அவருடைய அப்பாவும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போகும் என்று உத்தரவில் கண்டிருந்தது. அடுத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் வாசலில் காத்திருந்தார் என்றே சொல்லலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு லீவு ஏது? அதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. துண்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு மாமா முறை, எனக்குச் சித்தப்பா. "ஏலக்கா விசயமா நானும் கொச்சிக்குத்தான் போறேன். கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வாரது என் பொறுப்பு" என்றார். என் வீட்டுக்காரர், "மாமா சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இதைத்தான் பேசுவார்.

கொச்சியில் எங்களுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. சாயங்காலம் எர்ணாகுளத்தில் போட்டு, அதாவது மோட்டார் படகு, ஏறினால் கோட்டயம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் குமுளி வழியாக ஊர். அந்தப் போட்டு தவறினால் திங்கள் தவறும். திங்கள் தவறினால் வேலை தவறும். விடிந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "போட்டு எப்ப சித்தப்பா?"

நேராக ஜெட்டிக்கு, போட்டு நிற்கிற படகுத்துறைக்கு, கூட்டிப்போனார். கோட்டயம் போட்டு கட்டிக் கிடந்தது. பக்கத்துப் பலகையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டாமல் படித்தேன். "அஞ்சு மணிக்குப் போட்டு எடுத்துருவாகளாம் சித்தப்பா."

"எழுதியிருக்கட்டும் ஆத்தா. பலகையா போட்டை ஓட்டுது?"

சொல்லிக்கொண்டே கையை வீசினார். துண்டு காற்றில் விரிந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, மூன்று பேர் உட்காரும் பலகையில் அளவெடுத்ததுபோல் படிந்தது. ஜெட்டியில் நின்ற கூலியாட்கள்கூட வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஆச்சு. இனி இது நம்ம போட்டு. நம்மள விட்டுட்டு எங்கன போயிரும்?"

"மாமா சொன்னாகன்னா..." என்று என் வீட்டுக்காரர் தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

சின்னப் படகு ஒன்றில் தண்ணீரைக் கடந்து ஊர் பார்க்கப் போனோம். புதுத் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் நின்றது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மேல்தட்டில் நின்ற ஆட்கள் வேப்பம்பழம் அளவுக்குத் தெரிந்தார்கள். இதைப் பார்க்கத்தானே வந்தேன் என்று ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தேன். திரும்பினால் துண்டுக்காரர் கப்பல் ஏணியின் கைப்பிடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார்! காவல்காரன் தடியோடு ஓடி வந்தான்.

"சும்மா போட்டு வச்சேன் தம்பி. என்னைக்காவது சிங்கப்பூர் போனா ஒதவும்ல?"

மத்தியானம் மட்டாஞ்சேரியில் ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்று இடத்துக்குத் துண்டைப் போட்டுவிட்டு, "எடம் எங்கயும் போயிராது, அரமனையப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். அரண்மனைச் சுவரில் எழுதியிருந்த ராமாயணத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். ராமர் காட்டுக்குப் போனதைப் பார்த்தேன். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. திரும்பக் கடைக்கு வந்தால், எங்கள் துண்டின் மேலேயே இலையைப் போட்டு ஒருவர் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாம்பார் வழிந்து சிவப்புக் கரை மஞ்சள் கரையாகியிருந்தது.

இந்த ஊரில் துண்டுக்கு மரியாதை கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

"சித்தப்பா, ஜெட்டிக்குப் போயிருவோம்."

"பசிச்ச மனுசன் ஆத்தா அவன். அதுக்குப் போயி ஊரையே சந்தேகப்படலாமா? சீன வலையப் பாக்காம போனா ஊர்ல கேக்க மாட்டாகளா?"

சீன வலை என்பது கரையில் மரச்சட்டம் கட்டி, யானைக் காது மாதிரி விரித்துத் தொங்கவிட்டிருக்கும் பெரிய வலை. கயிற்றை இழுத்தால் மேலே வரும். விட்டால் தண்ணீருக்குள் போகும். நாங்கள் உட்கார்ந்து பார்க்க வசதியாகச் சட்டத்தின் நுனியில் துண்டுக்காரர் துண்டை வீசினார். அன்றைக்குக் கடல் காற்று அவருக்கு விரோதி. துண்டு வலைக்குள் விழுந்தது. வலை தண்ணீருக்குள் போனது.

"போனாப் போகுது, வாங்க சித்தப்பா!"

"துண்ட விட்டுட்டு நான் எந்த எடத்துலயும் வந்ததில்ல."

வலை தண்ணீருக்குள் கிடந்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டாமல் பைக்குள் போட்டார். ஒருவழியாக வலை எழுந்தது. துண்டும் வந்தது, துண்டுக்குள் பொடி மீன்கள் துள்ளின. அத்தோடு விட்டாரா?

"எந்தா சேட்டா, துண்டுல விழுந்த மீனு துண்டுக்காரனுக்குத்தான? எங்க ஊர்ல இதான் நாயம்."

வலைக்காரர் மலையாளத்தில் பதில் சொன்னார். இது உன் ஊர் இல்லை என்று அதற்கு அர்த்தம். அது எனக்கே விளங்கியது. சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன்.

"எனக்கு வேல போயிரும் சித்தப்பா!"

"ஏ ஆத்தா, அழுகாத. துண்டு கெடக்கு. போட்டு நிக்கும்."

எர்ணாகுளத்துக்குத் திரும்பும் படகு நடுத்தண்ணீரில் இருக்கும்போது சங்கு ஊதியது. கோட்டயம் போட்டு ஜெட்டியை விட்டுப் புறப்பட்டு எங்களைக் கடந்து போனது. துண்டுக்காரர் படகில் எழுந்து நின்று கத்தினார்: "ஏலே! நிப்பாட்டுலே! துண்டு கெடக்குலே!"

ஒருவரும் நிறுத்தவில்லை. எங்கள் இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் எங்கள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

துண்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலையைத் துப்பினார். அவரைத் திட்டுவதற்காக நான் திரும்பினேன். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர்கூட, மாமா சொன்னாக என்று சொல்லவில்லை.

படகு கரையைத் தொடுவதற்குள் அவர் குதித்து ஓடினார். ஜெட்டியின் கோடியில் உப்பு மூட்டை ஏற்றிய சரக்குப் போட்டு ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அதுவும் கோட்டயம் போவது. போட்டுக்காரர் கையை ஆட்டி முடியாது என்றார். துண்டுக்காரர் துண்டை எடுக்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அவர் ஒருவரைக் கும்பிட்டு இடம் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். தமிழும் மலையாளமுமாக என்னவோ சொன்னார். என்னைக் கைகாட்டி, "டீச்சர்! டீச்சர்!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டே பேர்.

"நீங்களும் அவளும் போங்க மாமா, நான் நாளைக்கு வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"புதுப் பொண்டாட்டிய நடுத்தண்ணியில தனியா விடுறவன் ஒரு மாப்ளயாடா? ஏறுலே!"

ஈரத் துண்டு, சாம்பார்த் துண்டு, தோள் துண்டு எல்லாவற்றையும் உப்பு மூட்டைகளின் மேல் விரித்து என்னை உட்காரவைத்தார். போட்டு நகர்ந்தது. வெறும் தோளோடு ஜெட்டியில் நின்று, "குமுளியில எறங்குனதும் ஓடுங்க! டீ குடிக்க நின்னுறாதீக!" என்று கத்திக்கொண்டே இருந்தார். டீ குடிக்க நிற்காதே என்று அவர் சொன்னதை ஊரில் இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

அந்தச் சரக்குப் போட்டு மெதுவாகப் போனது. கோட்டயத்தில் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தோம். குமுளியில் மறுபடி ஓட்டம். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடப் படியில் கால் வைத்தபோது மணி அடிக்கிற கயிற்றைப் பியூன் கையில் பிடித்திருந்தார். அடுத்தவர் உண்மையாகவே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சேர்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வகுப்பு வாசலில் நிழல் தட்டியது. துண்டுக்காரர். சட்டையெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் சிவப்பு. பஸ் அவருடைய ஊரான கூடலூரைத் தாண்டித்தான் வந்திருக்கும். அவர் இறங்கவில்லை; வீட்டுக்குப் போகவில்லை; நேரே இங்கே வந்திருக்கிறார்.

"சேந்துட்டியா ஆத்தா?"

"சேந்துட்டேன் சித்தப்பா."

அவரைப் பார்த்தால் சொல்வதற்கென்று வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வகுப்பில் இருந்தது ஒரே நாற்காலி. அதை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சித்தப்பா" என்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்த பெண் குழந்தைகளைப் பார்த்தார்.

"அது ஒன் எடம் ஆத்தா. நீ உக்காரு. ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தேன். நின்றுகொண்டுதான் பாடம் நடத்த வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனாலும் அவர் வாசலில் நின்ற வரைக்கும் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.