அரை அடி தள்ளி

காலை ஆறே கால். சேஷன் அம்மாவைத் தொட்டுவிட்டான்.

சாவித்ரி நடைவழியிலேயே நின்றாள். குளித்து, கொடியில் தனியாக உலர்ந்த புடவையைக் கட்டியிருந்தாள். மடி. சமையலும் பூஜையும் முடியும்வரை யாரும் அவளைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடியும் குளிக்க வேண்டும்.

“நேத்திக்கும் தொட்டாய். கண் தெரியலையா நோக்கு?”

“ஸாரிம்மா. தூரம் தப்பிப் போச்சு.”

“என்ன தூரம்?”

சேஷன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் சண்டைப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிராளி, போன வருடம் அவனைத் தோற்கடித்த அதே ஆள். இதுவரை ஆன்லைனில் மட்டுமே ஆடியதால், திரையில் ‘எஸ்பி’ என்ற பெயர் மட்டும் தெரியும். சேஷன் உதைத்தால் எஸ்பி அரை அடி தள்ளி நிற்பான். உதை காற்றில் போகும். கால் தரைக்கு வருமுன் எஸ்பி முன்னால் வந்து அடித்திருப்பான்.

ஆட்டத்தின் பதிவைப் பார்த்துவிட்டு அலுவலக நண்பன் ஷிபு சொன்னான்: “நீ எதுக்குடே ஓடிப்போய் அவன் மேல விழுற? கால் எட்டாத இடத்துல நில்லு, கேட்டோ. அவன் வீசட்டு. பிறகு நீ முன்னால கேறி அடி.”

“அவன் மட்டும் எப்படி நிக்கறான்?”

“இந்த ஆட்டத்தைக் கொரியாவில படிச்சவனாக்கும்.”

சேஷனிடம் கொரியா இல்லை. வலியசாலை அக்ரஹாரத்து வீட்டின் குறுகலான நடை இருந்தது. அதில் மடியோடு அம்மா இருந்தாள். அவளுக்கு அரை அடி வெளியே நிற்பது. அவள் வந்தால் விலகுவது. அதுதான் பயிற்சி. இந்த முறை ஜெயித்தே தீர வேண்டும்.

அம்மா மறுபடி குளித்தாள். சமையல் தாமதமானது. மனைவி ஜானவி வெறும் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போனாள்.

மறுநாள் சேஷனும் குளித்து, மடி வேஷ்டி கட்டினான். மடிக்காரரை மடிக்காரர் தொட்டால் தப்பில்லை.

சாவித்ரியின் கண் கலங்கியது. “இப்பவாவது புத்தி வந்ததே! மடியாத்தானே இருக்காய்? தேங்காயைத் துருவு.”

துருவினான். புளி கரைத்தான். அவியலுக்கு நறுக்கினான். பயிற்சி நின்றது.

அதற்கடுத்த நாள் ஜானவி அடுக்களை வாசலில் நின்றாள்.

“ஓஹோ, இப்போ உன்னையும் தொடப்படாதா?” ஒரு விரலை நீட்டினாள்.

“வேண்டாம் ஜானு. தண்ணி ஐஸா இருக்கு.”

“பட்டினி கிடந்தேனே, அதுக்கு.”

தொட்டாள். குளித்துவிட்டு வந்தான். மறுபடி தொட்டாள். மறுபடி குளித்தான். மூன்றாம் முறை விரல் வந்தபோது அவன் அரை அடி பின்னால் இருந்தான். அவள் கையை இழுப்பதற்குள் முன்னால் வந்து, அவளுடைய டிபன் பாக்ஸில் ஒரு தோசையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

சனிக்கிழமை அவளால் அவனைத் தொடவே முடியவில்லை.

“பைத்தியம்,” என்றாள். “ஜெயிச்சுட்டு வா.”

ஞாயிறு காலை வீடு நிறைய உறவினர்கள். பிள்ளைக்கு ஆசாரம் வந்ததைப் பார்க்க சாவித்ரி அழைத்திருந்தாள். அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு, பெருங்காய வாசனையோடு சேஷன் பட்டம் பகுதியில் இருந்த போட்டி அரங்குக்கு ஓடினான்.

எஸ்பி வந்தாயிற்று. முப்பது வயதுப் பெண். தோளில் காய்கறிப் பை. அதில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவரிடம் மலையாளத்தில் பேசி, ஸ்ரீப்ரியா என்று பெயர் கொடுத்தாள்.

“இதா கொரியா?” என்றான் சேஷன். ஷிபு வேறு பக்கம் பார்த்தான்.

முதல் சுற்று. சேஷன் முன்னால் வந்தான். அவள் அரை அடி விலகினாள். அவள் வந்தாள். இவன் விலகினான். யாரும் யாரையும் தொடவில்லை. நேரம் முடிந்தது. சமம்.

இரண்டாம் சுற்றும் அப்படியே. கூட்டம் கூவியது.

“அடிக்கெடா சேஷா!” என்று ஷிபு கத்தினான்.

சேஷன் அடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரை அடியைக் காத்தான். எதிரே அதே அரை அடி.

மூன்றாம் சுற்று. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்ரீப்ரியா மெதுவாகக் கேட்டாள். மலையாளத்தில் அல்ல.

“எங்காத்துல மாமியார் மடி. உங்காத்துல யாரு?”