சமத்துவம் மாலை ஆறரையோடு மூடப்படும்

மனித குலத்தின் முன்னேற்றத்தை எழுதப் போகிறவர்கள் சக்கரத்துக்கு ஒரு பக்கம் கொடுப்பார்கள், அச்சு இயந்திரத்துக்கு ஒரு பக்கம் கொடுப்பார்கள். அதற்கடுத்த பக்கத்தை உருத்திரபுரம் கனகலிங்கத்தாருக்கென்று வெறுமையாக விட்டுவைப்பது நல்லது. ஒரே ஒரு ரூட்டரை வைத்துக்கொண்டு ஒரே வளவுக்குள் மூன்று வைஃபை உண்டாக்கி, மூன்றும் ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காமல் வாழ வழி செய்த மனிதர் அவர். அதற்கு அவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் அலுவலகம் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற அனுபவமே போதுமாக இருந்தது.

வாய்க்காலின் தலைப்பில் காணி வைத்திருப்பவனுக்குத் தண்ணீர் தானாக வரும், கடைசியில் வைத்திருப்பவனுக்குக் கேட்டால் வரும், கேட்கத் தெரியாதவனுக்கு மழை வரும் என்பது அவர் உத்தியோக காலம் முழுவதும் கண்டு தெளிந்த தத்துவம். தண்ணீருக்குப் பொருந்துவது வைஃபைக்கும் பொருந்தும் என்று முதன்முதலில் கண்டவரும் அவரே. அதனால்தான் ரூட்டர் என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை. வாய்க்கால் மதகைச் சொல்வதுபோல "துருசு" என்பார். திறப்பதும் பூட்டுவதும் அவருடைய கைப்பேசியில், அவருடைய விரலில்.

துருசு வீட்டுக்கு வந்தது மகள் சிவதர்சினியின் கலியாணப் பேச்சோடு. மாப்பிள்ளை பகுதி கனடாவில். அந்தப் பக்கத்தில் கைப்பேசிச் சிக்னல் வேப்பமரத்தடியில் நின்றால் வரும், இலை அசைந்தால் போகும். சம்பந்தம் பேசுகிற வீட்டார் வேப்பமரத்தடியில் நின்று கத்துவது அழகில்லை என்று அவர் மனைவி நேசமலர் அக்கா சொன்னதால், கனகலிங்கத்தார் இணைப்பு எடுத்தார். முதல் சில வாரங்கள் வளவில் எல்லோருக்கும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல். அந்தக் காட்டுமிராண்டிக் காலத்தை நினைத்தால் அவருக்கு இன்றும் உடம்பு கூசும்.

அதே வளவின் பின்மூலையில், மாட்டுக்கொட்டிலுக்கு அப்பால், சுடலைமுத்துவின் வீடு. அவருடைய தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர். அன்றிலிருந்து இரண்டு தலைமுறையாகக் கனகலிங்கத்தாரின் வயலையும் மாட்டையும் அந்தக் குடும்பம்தான் பார்க்கிறது. சுடலைமுத்துவின் மகள் ஜெயரூபி உயர்தரம் முடித்துவிட்டுக் கணக்கியல் படிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கும் சிவதர்சினி தன் பழைய மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்திருந்தாள். ஜெயரூபி அதை வைத்துக்கொண்டு கனகலிங்கத்தார் வீட்டுச் சமையல் குசினி வாசற்படியில் இருந்து படிப்பாள்.

ஒருநாள் பின்னேரம் கனகலிங்கத்தார் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் நின்று, வட்டம் சுழன்றது. எங்கோ ஒழுக்கு என்று அவருடைய உத்தியோக மூளை சொன்னது. கைப்பேசியில் துருசைத் திறந்து, யார் யார் பாவிக்கிறார்கள் என்று பார்த்தார். ஆங்கில எழுத்து வரிசையில் பெயர்கள் கிடந்தன. அவருடைய பெயருக்கு நேர் மேலே ஜெயரூபியின் பெயர் இருந்தது.

அவர் கோபப்பட்டதாக யாரும் நினைக்கக்கூடாது. அவர் அன்றைக்குக் கவலைப்பட்டது முழுக்க முழுக்கப் "பாதுகாப்பு" பற்றி.

அடுத்த சனிக்கிழமை வீட்டு மண்டபத்தில், சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்குரிய சகல மரியாதைகளோடும் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை கனகலிங்கத்தார். வரவேற்புரை, அறிக்கை, நன்றியுரை ஆகியவையும் அவரே. நேசமலர் அக்கா தேங்காய் துருவியபடியும், சிவதர்சினி விடைத்தாள் திருத்தியபடியும் சபையை அலங்கரித்தார்கள். சுடலைமுத்து "விசேட அழைப்பாளர்". இரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தும் அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நிற்பதில் அவ்வளவு விருப்பம் என்று தலைவர் நெடுங்காலமாகவே புரிந்துவைத்திருந்தார்.

"வைஃபையை மூண்டாப் பிரிச்சா கூடுமோ, குறையுமோ?" என்று நேசமலர் அக்கா கேட்டா.

"கூடாது, குறையாது. ஒழுங்கு வரும்."

"அப்ப இவ்வளவு நாளும் ஒழுங்கில்லாமலோ நான் சமையல் வீடியோ பாத்தனான்?"

அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்று தலைவர் தீர்ப்பளித்தார். சிவதர்சினி சிவப்புப் பேனையை மூடினாள்.

"ஜெயரூபி படிக்கிறதால எங்களுக்கு என்ன பாதுகாப்புக் குறையுது அப்பா?"

"நான் ஆளைப் பற்றிக் கதைக்கேல்லைப் பிள்ளை. முறையைப் பற்றிக் கதைக்கிறன்."

இந்த ஒரு வசனத்தைக் கல்லில் வெட்டி ஏதாவது அலுவலக வாசலில் வைக்கலாம். வைத்தால் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

தீர்மானம் ஏகமனதாக, அதாவது ஒரு மனதாக, நிறைவேறியது. முதலாவது வைஃபையின் பெயர் "குடும்பம்". முழு வேகம், முழு நேரம். இதற்குக் கடவுச்சொல் தெரிந்தாலும் போதாது. ஒவ்வொரு கருவியையும் கனகலிங்கத்தார் தன் கைப்பேசியில் பார்த்து, விரலால் தொட்டு அனுமதிக்க வேண்டும். இரண்டாவது "சுற்றமும் நட்பும்". இது ஓய்வுபெற்ற அதிபருக்கும் கோயில் தர்மகர்த்தாவுக்கும், தேநீர் குடிக்க உள்ளே வரக்கூடிய மற்றவர்களுக்கும். மூன்றாவது சுடலைமுத்து வீட்டாருக்கும், உழவு இயந்திரச் சாரதிக்கும், தேங்காய் பிடுங்குகிறவருக்கும், மிச்சமுள்ள மனித குலம் முழுவதற்கும். வேகம் பத்தில் ஒன்று. காலையில் திறந்து மாலை ஆறரைக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும். இதற்கு அவர் இரண்டு நாள் யோசித்து வைத்த பெயர் "சமத்துவம்".

அடுத்த மாதம் ஊர் வாசிகசாலை ஆண்டு விழாவில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஏழை எளியவருக்கும் இணையம் என்று மேடைமேடையாகப் பேசுகிறவர்கள் பேசட்டும், தன் வளவில் அது நடைமுறைக்கே வந்துவிட்டது என்றார். "எங்கட வீட்டில ஆருக்கும் இல்லையெண்டு சொல்லுறேல்லை. சமத்துவத்தைக் கடவுச்சொல்லோடயே குடுத்திருக்கிறம்," என்றபோது கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. கூட்டம் முடிய, அரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்து, தன் வீட்டில் வேலைக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்று இரகசியமாகக் கேட்டார். முடியும் என்று கனகலிங்கத்தார் ஆறுதல் சொன்னார்.

இதற்கிடையில் ஜெயரூபி குசினி வாசற்படியை விட்டு மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டாள். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு பாடம் வந்து சேர்வதற்குள் அதை இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிடலாம். அவளுக்கு அதுவும் வசதியாகவே இருந்தது என்று கனகலிங்கத்தார் கருதினார். அப்படிப் படித்தே அவள் வவுனியாவில் ஒரு நிறுவனம் நடத்தும் கணக்கியல் படிப்பின் இலவச இடத்துக்கு முதற்சுற்றில் தேறினாள். கடைசிப் பரீட்சை இணையத்தில், ஞாயிறு மாலை ஆறு முதல் எட்டு வரை. இடையில் விட்டால் அந்த வருடம் போனதுதான். காசு கட்டிப் படிக்க வைக்கும் யோசனையே சுடலைமுத்து வீட்டில் கிடையாது.

ஆறரைக்குச் சமத்துவம் பூட்டிக்கொள்ளும் என்பதால் சுடலைமுத்து முன்கூட்டியே வந்து, தலையைச் சொறிந்தபடி விசயத்தைச் சொன்னார். சிவதர்சினி இடையில் புகுந்து, அன்றைக்கு மட்டும் அவளைக் "குடும்பம்" வைஃபையில் சேர்த்துவிடும்படி கேட்டாள்.

"குடும்பத்தை அப்பிடி ஒரு நாளைக்கெண்டு ஆருக்கும் திறந்து விடேலாது பிள்ளை," என்றார் கனகலிங்கத்தார். பிறகு சுடலைமுத்துவைப் பார்த்து, மனமிரங்கி, "எட்டு மணிவரைக்கும் நீடிச்சு விடுறன். பயப்பிடாம எழுதச் சொல்லு," என்றார்.

"ஐயா வாக்குப் போதுங்க," என்று சுடலைமுத்து கும்பிட்டார். கிளிநொச்சியில் சிநேகிதி வீட்டில் போய் இருந்து எழுத ஏற்பாடு செய்திருந்த ஜெயரூபி, அந்த வாக்கை நம்பி அதைக் கைவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத்தான் கனடாவும் வந்தது.

கனகலிங்கத்தார் கரைவேட்டி சால்வையோடு மண்டபத்தில் அமர்ந்தார். பக்கத்தில் நேசமலர் அக்கா. நடுவில் மேசை, மேசையில் சிவதர்சினியின் புதிய கணினி. திரையில் மாப்பிள்ளையின் தகப்பன் சுதாகரன் தோன்றினார். சுகம் விசாரித்தார்கள். மழை விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். வட்டம் சுழன்றது.

ஒரு குடும்பத்தின் எதிர்காலம் சுழல்கிறபோது கைகட்டிக்கொண்டிருப்பவர் நிர்வாகி ஆக முடியாது. கனகலிங்கத்தார் சால்வைக்குள் கைப்பேசியை எடுத்தார். ஜெயரூபியின் பெயர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வாக்கு நினைவுக்கு வந்தது. அதைவிட வேகமாகக் கனடா நினைவுக்கு வந்தது. விரலால் ஒரு தொடுகை. பச்சை சாம்பலாகியது.

சிவதர்சினி அதைக் கண்டுவிட்டாள். "என்ன செய்தனீங்கள் அப்பா?"

"ஒண்டுமில்லை. தண்ணியைத் திருப்பினனான்."

ஆனால் சுதாகரனின் வாய் மூடவில்லை. பிறகு சமத்துவம் முழுவதையும் பூட்டியும் கனடா அசையவில்லை. நேசமலர் அக்கா கணினியின் முதுகில் மெதுவாகத் தட்டிப் பார்த்தா. ஜெயரூபிக்குத் திருப்பித் திறந்துவிடும்படி சிவதர்சினி இரண்டு தரம் சொன்னாள். நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே கதைக்க வேண்டாம் என்று அவர் இரண்டு தரமும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அழைப்பு அறுந்து, மறுபடி வந்தது. சுதாகரன் வெட்கப்பட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"உங்கட பக்கம் ஒரு பிழையுமில்லை அண்ணை. எங்கட பக்கம்தான். நாங்கள் இருக்கிறது பேஸ்மென்ற். மேல வீட்டுக்காரர்."

வீட்டுக்கு அடியில், நிலத்துக்குக் கீழே இருக்கிற பகுதியில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று சிவதர்சினி தாய்க்கு விளக்கினாள். சுதாகரன் தொடர்ந்தார். வீட்டுக்காரரும் எங்கட ஆள்தானாம். ரூட்டர் ஒன்றுதானாம். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் புறம்பாக, மெதுவான ஒன்றைப் பிரித்துவிட்டிருக்கிறாராம். மேலே அவர்களுடைய பிள்ளைகள் எழும்பினால் கீழே நின்றுவிடுமாம். இரவில் அவர் நினைத்த நேரம் பூட்டிவிடுவாராம்.

கனகலிங்கத்தாரின் முகம் சிவந்தது. இது நடிப்பில்லை. அவருடைய கண் உண்மையாகவே கலங்கியது. தன் மகள் வாழப் போகிற வீட்டில் இப்படி ஒரு அநியாயமா என்று நெஞ்சு கொதித்தது. அதே நேரத்தில் குசினிப் பக்கத்து வாசலில் சுடலைமுத்து வந்து நின்றார். பின்னால் ஜெயரூபி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி. பாதியில் அறுந்த பரீட்சை தானாகவே மூடிக்கொண்டது, இனி எழுத முடியாது என்று காட்டுகிறது, அதைச் சொல்லத்தான் வந்தார்கள். உள்ளே ஐயா கனடாவோடு கதைப்பதைக் கண்டதும் சொல்லாமல் நின்றார்கள். ஜெயரூபி அழவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்த நேசமலர் அக்காதான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா.

கனகலிங்கத்தார் யாரையும் பார்க்கவில்லை. அவர் வாசிகசாலை உரையையும் மிஞ்சும் உரை ஒன்றின் உச்சத்தில் இருந்தார்.

"ரூட்டர் ஒண்டு, கூரை ஒண்டு, பிறகென்ன பிரிவு சுதாகரன்? ஒரு வளவுக்குள்ள இருக்கிற மனிசரை மேல கீழ எண்டு பிரிச்சு வைக்கிறவன் மனிசனே? அப்பிடிப்பட்டவன்ர வீட்டில நான் எண்டா ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டன்."

கனடா நெகிழ்ந்துபோனது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா, இவர் வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சுதாகரன் தழுதழுத்தார். பிறகு திரைக்குக் கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கி, பின்னால் வாசலில் நிற்பவர்கள் யார், சொந்தக்காரரோ என்று கேட்டார்.

கனகலிங்கத்தார் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். இம்முறை இணைப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை, ஆனாலும் அவர் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

சிவதர்சினி எழும்பி, கணினியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் முகத்தை வாசல் பக்கம் திருப்பினாள்.

"இவை எங்கட பேஸ்மென்ற் ஆக்கள், அங்கிள். நீங்களே கதையுங்கோ."